துணைமாந்தர் பின்கதை

காப்பியத்திலோ தொடர் நாவலிலோ சிறிது நேரம் வந்து, பிறகு பேச்சே இல்லாமல் போய்விடும் மாந்தர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்பதை இட்டு நிரப்பும் கற்பனை, துணைமாந்தர் பின்கதை என்று இங்குக் குறிக்கப்படுகிறது. நூலாசிரியரே அதை எழுதலாம். பின்வந்த எழுத்தாளர் எழுதலாம். எழுதாமல் வாசகர் மனத்தளவிலேயே வைத்திருக்கலாம். தலைமக்களின் கதையை நீட்டிச் செல்லும் இரண்டாம் பாகங்கள் இதில் சேரா. முன்னூலில் ஓரத்தில் நின்ற ஒருவர் பின்னூலில் நடுவுக்கு வந்தால் சேரும்.

சிலப்பதிகாரத்தில்

தமிழில் இதற்கு மூத்த சான்று சிலப்பதிகாரம். மதுரை எரிந்ததும் கதை முடிந்துவிட்டது என்று நூலை மூடிவிடுபவர்கள் உண்டு. அவர்கள் இழப்பது செங்குட்டுவனின் வடநாட்டுப் படையெடுப்பை மட்டுமன்று. தம் சிறு மாந்தர் ஒவ்வொருவருக்கும் இளங்கோவடிகள் கணக்குத் தீர்ப்பது வஞ்சிக் காண்டத்தில்தான்.

தீர்க்கும் பொறுப்பு தலைச்செங்கானத்து மறையவன் மாடலனுடையது. இவன் அடைக்கலக் காதையில் முதலில் வருகிறான். குமரியாடித் திரும்பும் வழியில் மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைக் கண்டு, அவனுடைய பழைய அறச்செயல்களையும், மகள் மணிமேகலைக்குப் பெயரிட்ட நாளையும் நினைவூட்டிச் செல்கிறான். வழிப்போக்கன் ஒருவனின் வேலை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நீர்ப்படைக் காதையில், போர் முடிந்து கங்கைக் கரையில் தங்கியிருக்கும் செங்குட்டுவன் முன் அவனே மீண்டும் வந்து நிற்கிறான். மதுரையில் நடந்ததைப் புகாரில் போய்ச் சொன்னவன் அவன்தான். அந்தச் செய்தியைக் கேட்டே உயிர்கள் போயின. அந்தப் பழி தீரக் கங்கையாட வந்திருக்கிறான்.

அவன் சொல்லும் செய்திகள் இவை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் இடம் கொடுத்த ஆயர்மகள் மாதரி, அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினேன் என்று தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தார். கோவலனின் தந்தை மாசாத்துவான் பொருளையெல்லாம் தானம் செய்து பௌத்தத் துறவியானான். கண்ணகியின் தந்தை மாநாய்கன் ஆசீவகரிடம் போய்ச் சேர்ந்தான். அவ்விருவரின் மனைவியரும் துயரம் தாங்காமல் மாண்டனர். மாதவி மகளையும் அழைத்துக்கொண்டு புத்த நெறியில் துறவு பூண்டாள். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், ஒரே நாளில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான். குற்றம் செய்த அந்த ஒரு பொற்கொல்லனைத் தனியே எடுத்துச் சொல்லாமல், ஆயிரத்துக்குள் தேட விட்டுவிட்டார் இளங்கோ. மற்றவர் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் ஆசிரியருக்கு இது அழகன்று.

செத்தவர்களையும் நூல் அப்படியே விட்டுவிடுவதில்லை. வரந்தரு காதையில் கண்ணகியின் தோழி தேவந்தி மேல் பாசண்டச் சாத்தன் ஏறுகிறான். அவன் சொன்னபடி மாடலன் கரகத்து நீரைச் சிறுமியர் மூவர் மேல் தெளிக்க, அவர்களுக்கு முற்பிறப்பு நினைவு வந்து அழுகிறார்கள். அரட்டன் செட்டியின் இரட்டைப் பெண்களாகப் பிறந்திருப்பவர்கள் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும். சேடக்குடும்பியின் மகளாகப் பிறந்திருப்பவள் மாதரி. கண்ணகிமேல் கொண்ட அன்பு முதலிருவரையும் சேர நாட்டுக்குக் கொண்டுவந்தது என்றும், திருமாலை வாழ்த்திக் குரவையாடிய பயன் மாதரியைத் திருமால் தொண்டர் வீட்டில் சேர்த்தது என்றும் மாடலனே காரணம் சொல்கிறான். சம்பந்தியம்மாக்கள் இருவரை ஒரே வயிற்றில் பிறக்க வைத்த குறும்பு தனியே ரசிக்கத் தக்கது.

அப்படியிருந்தும் சிலர் விடுபட்டுப் போயினர். மாதவியின் மடலைச் சுமந்து காட்டுவழியில் கோவலனைத் தேடிப் பிடித்தவன் கோசிகமாணி. படித்த மடலையே தன் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லிக் கோவலன் அவனிடம் திருப்பித் தருகிறான். கோசிகன் எப்போது புகார் போய்ச் சேர்ந்தான், மடலைக் கண்ட முதியவர்கள் மகன் திரும்புவான் என்று எத்தனை நாள் வாசலைப் பார்த்திருந்தார்கள் என்பதெல்லாம் நூலில் இல்லை. நூலுக்குள் எழுதப்படாத பின்கதைகளில் மிகக் கனமானது இதுவே. நாடுகாண் காதையில் கவுந்தியடிகளுடன் வந்தவர்களைக் கேலி பேசிய பரத்தையும் அவள் துணைவனும் இன்னொரு எடுத்துக்காட்டு. சாபத்தால் அவர்கள் நரிகளாகிறார்கள். கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்டவே, உறையூர் மதிற்புறத்தில் பன்னிரண்டு மாதம் திரிந்த பின் பழைய உருவம் பெறுவார்கள் என்று கெடு விதிக்கப்படுகிறது. அந்தக் கெடு முடிந்ததா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணிமேகலையில்

சாத்தனாரின் மணிமேகலை ஒருவகையில் முழுவதுமே பின்கதைதான். முன்னூலில் பெயர் சூட்டப்பட்ட குழந்தை பின்னூலில் தலைவியாகிறாள். இளங்கோவுக்குக் கண்ணகி கதையைச் சொன்னவரே சாத்தனார் என்பது சிலப்பதிகாரப் பதிகம் தரும் செய்தி. ஆகவே இரு நூல்களின் கணக்கும் ஒத்துப்போவதில் வியப்பில்லை. துறவு பூண்டான் என்ற ஒரு வரியோடு சிலம்பு விட்டுவிட்ட மாசாத்துவானை, மணிமேகலை வஞ்சி நகரில் நேரில் சந்திக்கிறாள். மகனை இழந்த தாத்தா பேத்தியைக் காஞ்சிக்குப் போகச் சொல்லி வழிகாட்டுகிறார். மாதவியின் தோழி வசந்தமாலை இரண்டாம் காதையில் தூது வந்து போகிறாள். சிலம்பில் மாதவியின் மடலைக் கோவலனிடம் கொண்டுபோன பழைய வேலையையே இங்கும் செய்கிறாள். உ. வே. சாமிநாதையரின் பதிப்புகள் 1892இலும் 1898இலும் வெளிவந்த பிறகே இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்து இத்தகைய தொடர்புகளைப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் பரவியது.

தொடர்கதைக் காலம்

வார இதழ்த் தொடர்கதை, காணாமல் போகும் மாந்தரைப் பெருக்கியது. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரத்துக்கு ஒரு கொக்கி வேண்டும். அதற்காக ஒருவன் மரத்தின் பின்னால் மறைந்து நிற்பான். மூன்று மாதம் கழித்து, அவன் ஏன் அங்கே நின்றான் என்பது எழுதியவருக்கே மறந்திருக்கும். இதழ்களைக் கத்தரித்துத் தைத்து வைத்திருக்கும் வாசகருக்கு மறக்காது. துப்பறியும் தொடர்களில் வேறொரு வகை உண்டு. சுஜாதாவின் தொடக்கக் கதைகளில் வக்கீல் கணேஷுக்கு உதவியாக இருந்த நீரஜா, வசந்த் வந்து சேர்ந்த பிறகு விடைபெறாமலே மறைந்தாள். வசந்தின் பேச்சு அவளை வாசகர்கள் தேடவிடாமல் செய்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கல்கியின் நாவல்களில்

கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) பின்கதையை முன்கதைக்கு முன்பே எழுதியவர். ‘பார்த்திபன் கனவு’ முதலில் வந்தது. அதில் காபாலிகர் கூட்டத்தை ஆட்டிவைக்கும் ஒற்றைக் கையன், புலிகேசியின் உடன்பிறந்தவன் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. அவனுடைய இளமைக் கதை, நாகநந்தி என்ற பிக்குவாக, அதன் பிறகு எழுதப்பட்ட ‘சிவகாமியின் சபத’த்தில் வருகிறது. ஒரு கையை வெட்டி அவனை உயிரோடு போகவிடுகிறார் பரஞ்சோதி. முதல் நாவலைப் படித்தவருக்கு அவன் எங்கே போய்ச் சேர்வான் என்பது முன்பே தெரியும்.

‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் ஐந்து பாகங்களாக வந்தது. வந்தியத்தேவன் மடியில் மணிமேகலை என்ற பெண்ணின் உயிர் பிரிவதோடு அது நின்றது. திருமணம் இல்லை, பட்டாபிஷேகக் கோலாகலம் இல்லை என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். இன்னின்னார் என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை வரிசையாக எடுத்து விடை சொல்லும் முடிவுரை ஒன்றைக் கல்கி எழுத நேர்ந்தது. மாடலன் கங்கைக் கரையில் செய்த வேலையை இங்கே ஆசிரியர் தாமே ஏற்றுக்கொண்டார்.

இந்நாவலின் மாந்தரைக் கல்லில் இருப்பவர், கல்லில் இல்லாதவர் என்று இரு கூறாகப் பிரித்துப் பார்ப்பதே பயனுள்ளது. முதல் கூறினரின் பின்கதை ஆய்வாளர் கையில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, முதலாம் இராஜராஜனின் தமக்கை குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிக்கிறது. நாவல் நடத்தி வைக்காத கல்யாணத்துக்கு அது போதிய சாட்சி. சதிகாரன் ரவிதாசனின் பின்கதையும் அவ்வாறே. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக அது சோமன், அவன் உடன்பிறந்த ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைப் பெயர் சொல்கிறது. அவர்களுடைய, அவர்களின் உறவினருடைய உடைமைகள் பறிமுதலான செய்தியைத் தருகிறது. பிரமாதிராசன் என்பது சோழ அரசு அந்தணர்க்கு அளித்த உயர் பட்டம். நடுக்காட்டில் ஆந்தைக் குரல் கொடுத்துத் திரியும் நாவலின் ரவிதாசனைவிடக் கல்வெட்டின் ரவிதாசன் அரண்மனைக்கு மிக நெருக்கமானவன்.

கல்லில் இல்லாதவர்களைப் பற்றியே கேள்விகள் அதிகம். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கற்பனை மாந்தர் என்பது தெரிந்தும் வாசகர் அவர்களுக்கு முதுமை எப்படிப் போயிற்று என்று கேட்கிறார்கள். இவர்களிலும் கீழ்ப்படியில் நிற்பவர்களைப் பற்றித்தான் பேச்சு குறைவு: கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தில் ஒவ்வோர் இரவும் தீ மூட்டிய தியாகவிடங்கர், சதிகாரருடன் உறவு வைத்திருந்த அவர் மருமகள் ராக்கம்மாள், தஞ்சை நந்தவனத்தின் வாணி அம்மை. வாய் பேசாத வாணி அம்மை வளர்த்த பிள்ளை சேந்தன் அமுதன் சோழ அரியணை ஏறுகிறான். அரண்மனையில் பெற்ற தாய் செம்பியன் மாதேவி இருக்கும்போது, பூக்குடலை சுமந்த வளர்ப்புத் தாய்க்கு அங்கே எந்த இடம் கிடைத்திருக்கும் என்பதைத் தனி நாவலாகவே எழுதலாம்.

பின்வந்த நாவல்களுள், அமுதசுரபி ஆசிரியராக இருந்த விக்கிரமனின் ‘நந்திபுரத்து நாயகி’யே முறையான தொடர்ச்சி; குந்தவையை நடுவில் வைத்து, கல்கி விட்ட இடத்திலிருந்து அது தொடங்குகிறது. 1963க்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ இராஜேந்திரன் காலத்தது. அதில் வரும் முதிய வந்தியத்தேவரைப் பார்க்கும் வாசகர் ஒவ்வொருவரும், வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வந்த இளைஞனின் வயதைத் தமக்குள் கணக்கிடாமல் இருப்பதில்லை. அகிலன் அதை எதிர்பார்த்தாரோ இல்லையோ, கல்கிக்குப் பிறகு அந்தப் பெயரைத் தனியாக எடுத்தாள முடியாமல் போய்விட்டது.

பிற

பிரான்ஸில் பால்ஸாக் ஒரே மாந்தரைப் பல நாவல்களில் திரும்பத் திரும்ப வரவழைத்தார். அவர்களுக்கென்று 1887இல் ஒரு பெயர் அகராதியே வெளியானது. ஆங்கிலத்தில் ஷெர்லக் ஹோம்ஸ் வாசகர்கள் டாக்டர் வாட்சனின் மனைவி எப்போது இறந்தாள், அவர் எத்தனை முறை மணந்தார் என்று இன்றும் வாதிடுகிறார்கள்.

கல்கியின் எழுத்துகள் 1990களின் இறுதியில் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் பதிப்புகளும் தொடர்ச்சிகளும் பெருகின; இணையத்திலும் பலர் எழுதுகின்றனர். மணிரத்னத்தின் இரு பாகத் திரைப்படத்தில் (2022, 2023) மணிமேகலை இல்லை, சேந்தன் அமுதன் அரசனாவதில்லை.