தேயிலை மலையில் ஈயக்குண்டு

மலையக வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும், கங்காணி முறையையும் துண்டு முறையையும், குடியுரிமைச் சட்டங்களையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அவ்வரலாற்றின் ஓரத்தே ஆதிமுதல் உடன்வந்த ஓர் உலோகம் உண்டு. அதுவே ஈயம். துரைமாரின் துவக்கில் குண்டாகவும், தேயிலைப் பெட்டியின் உட்புறத்தே தகடாகவும், அச்சுக்கூடத்தில் எழுத்தாகவும் அது இம்மலைகளிற் புழங்கியது. இவற்றுள் முதலாவதைப் பற்றியே இக்கட்டுரை சிறப்பாக நோக்குகின்றது. ஏனைய இரண்டும் இடையிடையே வந்துசேர்வது தவிர்க்கவியலாதது.

பெயரிலிருந்தே தொடங்கலாம். ஈழத்துத் தமிழர் வழங்கும் 'துவக்கு', தமிழகத்தார் வழங்கும் 'துப்பாக்கி' ஆகிய இரண்டும் துருக்கிய மூலச்சொல் ஒன்றினின்றும் கிளைத்தவை என்பர். சிங்களத்தில் வழங்கும் 'துவக்குவ' என்பதும் அதன் உறவே. பொருள் கடல் கடந்து வந்தபோது பெயரும் உடன்வந்தது. ஆனால் அதனுள் இடும் 'குண்டு' நம் சொல்லே. உருண்டையான எதனையும் குறிக்கும் சொல் அது. தொடக்ககாலத்துத் துவக்குக்குண்டும் உருண்டையாகவே இருந்தது.

நுவரெலியாவில் 1848ஆம் ஆண்டளவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் அக்காலத்துத் துவக்குகளைப் பற்றி விரிவான குறிப்புகளை விட்டுச்சென்றுள்ளார். 1854இல் வெளிவந்த அவருடைய இலங்கை வேட்டை நூலிலே, பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்னும் கம்மியர் செய்துகொடுத்த 21 இறாத்தல் நிறையுள்ள துவக்கொன்று பேசப்படுகின்றது. அதில் இடப்பட்ட கூம்புக்குண்டின் நிறை நான்கு அவுன்ஸ். ஏறத்தாழ 113 கிராம் ஈயம்! யானையின் தலையோட்டைத் துளைக்க அத்துணைப் பாரம் வேண்டியிருந்தது. தூய ஈயம் எலும்பிற் பட்டதும் நசுங்கிவிடும் என்பதால் அதனைக் கடினமாக்கப் பாதரசம் கலக்கும் வழக்கமும் பேக்கருக்கு இருந்தது. அவருக்கு முன்னரே, 1845இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் எனக் கூறப்படுகின்றார். காடழித்துக் கோப்பி நட்ட காலம் அது. யானை தோட்டத்துக்குப் பகையெனக் கருதப்பட்டது. அதனைக் கொன்றவர் வீரரெனப் போற்றப்பட்டார். அக்காட்டை வெட்டிச் சாய்த்த கூலிகளோ அந்நூல்களிற் பெரும்பாலும் பெயரற்றவர்களே.

பெருங்குண்டு சிறுகுண்டாக மாறிய கதையை இனி நோக்குவோம். துவக்குக்குழலின் உட்புறத்தே சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அப்பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளியேறுவதனாலேயே நேராகப் பறக்கின்றது. ஈயம் மென்மையானது, 327 பாகை செல்சியசிலேயே உருகுவது, அடுப்பும் அகப்பையும் அச்சும் இருந்தால் வீட்டிலேயே வார்த்துக்கொள்ளத்தக்கது. பள்ளங்களுள் இலகுவாகப் பொருந்துவதற்கு இதனினும் ஏற்ற உலோகம் இல்லை. ஆயினும் ஈயம் குழலில் ஒட்டாதிருக்க மசகு வேண்டும். மசகிட்ட தோட்டாவைப் பற்றிய ஐயமே 1857இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே தீ மூட்டிற்று என்பதை மாணவர் நன்கறிவர்.

1871இல் பிரித்தானியப் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றித் துவக்கு 0.45 அங்குல விட்டமுடையது. பன்னிரண்டு பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்துச் செய்து, கடதாசி சுற்றிய, ஏறத்தாழ 31 கிராம் நிறையுள்ள குண்டு அதற்குரியது. தோட்டாவின் அடி நடுவே வெடிமூட்டி பொருத்தப்பட்டிருந்தது. அதன் குழலிற் பள்ளம் 22 அங்குலத்துக்கு ஒருமுறை சுழன்றது. 1888இல் வந்த லீ-மெற்போட் துவக்கோ 0.303 அங்குல விட்டமே உடையது. 14 கிராம் குண்டு, செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 அடி வேகம், பத்து அங்குலத்துக்கு ஒரு சுழற்சி. இவ்வேகத்திலும் இத்துணை இறுக்கமான சுழற்சியிலும் வெறும் ஈயம் தாங்காது. அது பள்ளத்தைப் பற்றாது வழுக்கி உரிந்து குழலிற் படியும். படிந்தபின் குறி தவறும். பின்னாலிருந்து தள்ளும் வாயு குண்டின் அடியை உருக்குவதும் உண்டு. ஆகவே ஈயத்துக்குச் செம்பு-நிக்கல் கலவையாலான கவசம் அணிவிக்கப்பட்டது. குண்டு இப்போது தொழிற்சாலைப் பொருளாயிற்று. அடுப்படியில் வார்க்கத்தக்கதாக இல்லை.

இம்மாற்றத்தின் சமூகப் பொருள் மனங்கொள்ளத்தக்கது. முன்வாயால் மருந்திடும் பழைய துவக்கு கிராமத்தவன் கையிலும் இருந்தது. ஈயம் கிடைத்தால் போதும், அவனே குண்டு வார்த்துக்கொள்வான். கவசக்குண்டோ அரசினதும் படையினதும் உடைமை. எனினும் வார்ப்பு ஈயம் சிறுவிட்டத் துவக்கை விட்டு முற்றாக நீங்கவில்லை. பயிற்சிக்கு அது மலிவானது. ஓசையும் உதைப்பும் குறைந்தது. 1880களிலே பெருந்துவக்கின் குழலுக்குள் சிறுகுழலொன்றைச் செருகி, மிகச் சிறிய நடுவெடித் தோட்டாக்களால் சுடும் மொறிஸ் குழல் முறை பிரித்தானியப் படையிற் பயின்றது. பின்னர் கிறீனர் என்பார் 0.310 அங்குல ஈயக்குண்டுத் தோட்டாவொன்றை அமைத்தார். அது அவுஸ்திரேலிய மாணவப் படையணிகளிற் பெருவழக்காயிற்று. அமெரிக்காவிலோ ஈயத்தோடு வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து, குண்டின் அடியில் ஒரு சிறு செப்புக்கிண்ணம் பொருத்தி, வேகத்தை ஓரளவு கூட்டவும் கற்றனர். இங்கெல்லாம் விதி ஒன்றே: குழல் குறுகக் குறுகக் குண்டு கடினமாதல் வேண்டும், கடினமாகாவிடின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும்.

புகையிரதப் பாதை நாவலப்பிட்டியிலிருந்து தலவாக்கலையையும் வட்டகொடையையும் கடந்து 1885இல் நானுஓயாவை அடைந்தது. அரிசியும் உரமும் மேலேறின, தேயிலை கீழிறங்கியது. அலுமினியத்தாள் புழக்கத்துக்கு வரும்வரை தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளுறையாக இடப்பட்டது மெல்லிய ஈயத்தகடே. ஈரக்காற்றும் அயல் நாற்றமும் புகாவண்ணம் அதனைப் பற்றவைத்து மூடினர். அத்தகட்டு ஈயம் முன்வாய்த் துவக்குக்கு ஏற்ற மென்மையுடையது; .303க்கு உதவாதது. மலைக்கு வந்த ஈயத்தின் பெரும்பகுதி இவ்வாறு லண்டனுக்கே திரும்பிச் சென்றது என்பது ஒரு விநோதம்.

துரைமார் 1900இல் தமக்கெனவே ஒரு படையணி கண்டனர். கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியரை மட்டுமே சேர்த்துக்கொண்டது. 1914 அக்டோபரில் அதன் பிரிவொன்று எகிப்துக்குச் சென்று, பின்னர்க் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வூட்டின் மெய்க்காவலாகவும் பணிபுரிந்தது. 1949இல் அது கலைக்கப்பட்டது. வெள்ளுடையணிந்து பெரட்டுக்களத்தில் நின்ற துரை விடுமுறைநாளிற் படைவீரனாகவும் இருந்தான் என்பது தோட்ட அதிகாரத்தின் தன்மையை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் நிகழ்ந்த கொடுமைகளைச் சட்டசபையில் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். மறு ஆண்டே, 1916இன் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. துவக்கு வைத்திருப்பது அனுமதிப்பத்திரத்தின் பாற்பட்டதாயிற்று.

கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள டம்டம் படைக்கலச் சாலையிலே 1890களின் நடுப்பகுதியில், .303 குண்டின் நுனிக்கவசத்தை நீக்கி ஈயத்தை வெளித்தெரியவிட்ட குண்டு செய்யப்பட்டது. உடலிற் பட்டதும் அது விரிந்து பெரும்புண் விளைக்கும். 1899இல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளை விலக்கிப் பிரகடனம் செய்தது. ஆனால் அப்பிரகடனம் கட்டுப்படுத்தியது அரசுகளுக்கிடையிலான போரை மட்டுமே. கூலி உயர்வு கேட்டு நிற்கும் தொழிலாளி அதன் எல்லைக்குள் வருபவன் அல்லன்.

அத்தொழிலாளியின் பக்கத்தில் இருந்த ஈயம் வேறு. கோ. நடேசய்யர் 1920களில் நடத்திய 'தேசபக்தன்' முதலிய ஏடுகள் கையாற் கோத்த அச்செழுத்துகளால் உருப்பெற்றவை. அச்செழுத்தும் ஈயம், அந்திமனி, வெள்ளீயம் ஆகியவற்றின் கலவையே. இயந்திர அச்சுக்கோப்புக்குரிய கலவையில் அந்திமனி நூற்றுக்குப் 12, வெள்ளீயம் நூற்றுக்கு 4. அது தூய ஈயத்தைவிட நான்கு மடங்கு கடினமானது. சிறுவிட்டத் துவக்குக்குக் குண்டு வார்ப்போர் பழைய அச்சீயத்தைத் தேடித் திரிந்தமைக்கு இதுவே காரணம். நடேசய்யர் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார். வட்டகொடையை அடுத்த மடகொம்பரைத் தோட்டத்திலே 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். எழுத்தும் தொழிற்சங்கமும் அவர்க்கு வேறு வேறாக இருக்கவில்லை.

1940 ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் மாண்டார். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் தேயிலை நட்ட லூல்கந்துரையும் அதே மலைப்புறத்தைச் சார்ந்ததே. விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. இவ்விவகாரத்தை ஒட்டி உள்துறை அமைச்சருக்கும் பொலிஸ்மா அதிபருக்கும் எழுந்த பிணக்கிலே ஆளுநர் பொலிசின் பக்கம் நின்றார். பெப்ரவரி மாத முடிவில் அமைச்சர்கள் பதவி துறந்தனர். ஆயினும் அரசியல் நூல்கள் அதனை யாப்பு நெருக்கடியென்றே விரித்துரைக்கும். கோவிந்தனுக்கு அவற்றில் ஒரு வரி கிடைப்பதே அரிது. 1956இல் டயகமத் தோட்டத்தில் ஏபிரகாம் சிங்ஹோ சுடப்பட்டார். சிங்களத் தொழிலாளியொருவர் தமிழ்த் தொழிலாளருடன் நின்று மாண்டமை இனவாதக் கணக்குகளுக்குள் அடங்காத ஒன்று.

வட்டகொடைக்கு முந்திய நிலையம் தலவாக்கலை. அதற்கணித்தான டெவன் தோட்டத்திலே 1977 மே 11ஆம் நாள் சிவனு இலட்சுமணன் பொலிசாரின் சூட்டுக்கு இரையானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக்காணியைச் சுவீகரித்துப் பகிர்ந்தளிக்கும் அரசின் திட்டத்தைத் தொழிலாளர் எதிர்த்து நின்ற வேளை அது. காணி போனால் வேலையும் லயமும் உடன்போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இலட்சுமணனின் சாவுச் செய்தி பரவியதும் மலையகத் தோட்டங்கள் வேலையை நிறுத்தின. அத்திட்டம் கைவிடப்பட்டது.