புறக்கோட்டைப் பிரதான வீதி: ஒரு கடைத்தெருவின் வரலாறு

வத்தளையில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குக் 'கொழும்புக்குப் போவது' என்றால் புறக்கோட்டைக்குப் போவதுதான். நோன்பு இருபதைத் தாண்டியதும் உம்மா எங்களை 240ஆம் இலக்க நீர்கொழும்பு பஸ்ஸில் ஏற்றிச் செல்வார். களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சிறிது நேரத்தில் பிரதான வீதியின் சனக்கூட்டம். வாப்பாவுக்குப் பளையகாட்டுச் சாரன், தங்கச்சிக்குச் சீத்தைத் துணி, எங்களுக்கு இரண்டு முழத்தில் காற்சட்டைத் துணி எல்லாம் அந்த ஒரே தெருவில் கிடைத்துவிடும். கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் உம்மா எழுந்து நடப்பார். "ராத்தா, போகாதீங்க, கேக்கிறதச் சொல்லுங்க" என்று பின்னாலிருந்து குரல் வரும். அதன் பிறகுதான் உண்மையான வியாபாரம் ஆரம்பமாகும்.

அந்தத் தெரு யாருடையது என்ற கேள்வி அன்று எனக்கு எழவில்லை. பின்னாளில் எழுந்தது. அதற்கு விடை தேடி வரலாற்றைப் புரட்டியபோது, நமது சமூகத்தின் கதையில் பாதி அந்தத் தெருவில் கிடப்பதைக் கண்டேன்.

கொழும்பில் முஸ்லிம்களின் வணிகம் ஐரோப்பியரின் வருகைக்கு முந்தியது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, 'கலன்பு' என்ற இத்துறைமுகத்தைத் தீவின் மிகப் பெரிய, அழகான நகரங்களில் ஒன்றாகக் குறித்திருக்கிறார். போர்த்துக்கேயர் வந்தபின் நிலைமை மாறியது. 1626இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து சோனகரை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களில் பெருந்தொகையினருக்குக் கிழக்குக் கரையில் குடியேற இடம் கொடுத்தான்.

1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் நகரைக் கோட்டை என்றும் அதற்கு வெளியே உள்ள பழைய நகரம் என்றும் பிரித்தனர். அந்த வெளிப்பகுதியே இன்றைய புறக்கோட்டை. தமிழில் 'பேட்டை' என்று வழங்கும் சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'பெட்டா' ஆகியது. அன்று அது கடைத்தெரு அல்ல, ஒல்லாந்தரின் குடியிருப்பு. விறாந்தையும் முற்றமும் கொண்ட வீடுகள் அங்கிருந்தன. பிரின்ஸ் வீதியில் இன்று ஒல்லாந்தர் நூதனசாலையாக இருக்கும் கட்டிடம் அக்காலத்தின் எச்சம். பிரின்ஸ், கெய்சர் என்ற தெருப்பெயர்களும் அவர்கள் விட்டுச் சென்றவையே. அந்த நகரத்துக்குள் சோனகர் வீடோ நிலமோ சொந்தமாக வைத்திருப்பதை ஒல்லாந்தர் சட்டம் தடுத்தது. பொருள் கொண்டு வந்து விற்கலாம், வேரூன்ற முடியாது.

1796இல் ஆங்கிலேயர் கொழும்பைப் பிடித்த பின்னும் இத்தடை உடனே நீங்கவில்லை. 1832இல்தான் அது நீக்கப்பட்டது. புறக்கோட்டையின் வரலாற்றில் இந்த ஆண்டை நாம் அடிக்கோடிட வேண்டும். ஒல்லாந்த வழித்தோன்றல்களான பறங்கியர் படிப்படியாகப் பம்பலப்பிட்டி முதலிய புறநகர்களுக்குக் குடிபெயர, அவர்களுடைய விறாந்தைகள் கடை வாசல்களாயின. பிரதான வீதி கடைத்தெருவானது இப்படித்தான்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்புக்கு இரண்டு நாகரிகத் தெருக்கள் இருந்தன. ஒன்று கோட்டையின் யோர்க் வீதி. 1844இல் தொடங்கிய காகில்ஸ் நிறுவனம் 1906இல் அங்கே எழுப்பிய செந்நிற மாளிகை இன்றும் நிற்கிறது. துரைமாரும் தோட்டச் சீமாட்டிகளும் சென்ற இடம் அது. அங்கே விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும். மற்றது பிரதான வீதி. அங்கே விலை பேசித் தீரும். முதலாவது, சாமானைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டியது. இரண்டாவது, பாயில் விரித்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னது. நம் நாட்டுச் சாதாரண மக்கள் நாகரிகம் கற்றது இரண்டாவது தெருவில்தான்.

அந்தத் தெருவின் முகத்தை அமைத்ததில் நம்மவர் பங்கு பெரிது. தெருவின் ஒரு முனையில், கெய்மன்ஸ் வாசல் மணிக்கூண்டுக்கு அருகே நிற்கும் பழைய நகர மண்டபம் 1873ஆம் ஆண்டுக்குரியது. அதைக் கட்டிய ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரைக்கார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. சிவப்பும் வெள்ளையுமாக வரியிட்ட அந்தப் பள்ளியைச் சனங்கள் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து வணிகம் செய்த சம்மாங்காரர் என்ற கரையோர முஸ்லிம்களின் பெயர் அதில் தங்கியிருக்கிறது.

பிரதான வீதியைத் தனியாகப் பார்த்தால் அதன் இயக்கம் விளங்காது. குறுக்குத் தெருக்களே அதன் நரம்புகள். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனங்கள், இரண்டாம், மூன்றாம் தெருக்களில் துணிமணி, நான்காம் தெருவில் சீனி, பருப்பு, அரிசி மொத்த வியாபாரம், பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான், செட்டியார் தெருவில் நகை. ஒரே பொருளை விற்பவர் ஒரே தெருவில் கூடியிருப்பதால் வாங்குபவர் நாலு கடை ஏறி இறங்கி விலை அறிவார். ஒரு கடையில் இல்லாத நிறத்தைப் பையன் அடுத்த கடையில் ஓடி வாங்கி வருவான். கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் வாய்ச் சொல்லில் நடக்கும். இத்தனைக்கும் கீழே முதுகில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார். அவர்கள் ஒரு நாள் நின்றால் தெருவே நின்றுவிடும். 1899இல் ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியபோது அதன் தண்டவாளமும் இத்தெரு வழியே போடப்பட்டது. 1960இல் ட்ராம் மறைந்தது, நாட்டாமி மறையவில்லை.

இத்தெரு எரிந்தும் இருக்கிறது. 1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட கலவரம் கொழும்புக்குப் பரவியபோது முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமானது. நாடு முழுவதும் 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதாகவும், நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டதாகவும், 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டதாகவும் அரச கணக்கு கூறியது. உலக யுத்தத்தால் ஏறிய விலைவாசிக்குக் கடைக்காரனே காரணம் என்ற கோபமும் அந்தத் தீயில் எண்ணெயாயிற்று. 1915ஐ நாம் மறக்கவில்லை. நமது சஞ்சிகைகளில் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம்.

ஆனால் 1983ஐ நாம் எப்படி எழுதியிருக்கிறோம்?

அந்த வருடம் ஜூலை நடுப்பகுதிக்குச் சற்று முன் நோன்புப் பெருநாள் வந்தது. வழக்கம்போல உம்மா துணி வாங்கிய கடை ஒரு தமிழருடையது. நெற்றியில் திருநீறு பூசியிருப்பார். நாங்கள் அவரை ஐயா என்போம். மஃரிப் நெருங்கினால் "பிள்ளைகள் நோன்பு திறக்க வேணும், கெதியா வெட்டிக் குடு" என்று வேலைப் பையனை அவரே அவசரப்படுத்துவார். பெருநாள் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 24 இரவு பொரளையில் தொடங்கியது மறுநாள் புறக்கோட்டைக்கு வந்தது. கொழும்பெங்கும் தமிழர் கடைகள் பெயர்ப்பலகை பார்த்துக் கொளுத்தப்பட்டன. வத்தளையிலிருந்து பார்க்கத் தெற்கு வானம் கருத்திருந்தது.

சில மாதங்களின் பின் போனபோது அந்தக் கடை இருந்த இடத்தில் கரி படிந்த சுவர் மட்டும் நின்றது. அடுத்த பெருநாளுக்குப் போனபோது புதிய கடை திறந்திருந்தது. பெயர்ப்பலகையில் நம்மவர் பெயர். பழைய முதலாளி உரிய விலைக்கு விற்றுவிட்டுப் போனாரா, வேறு வழியின்றிக் கொடுத்துவிட்டுப் போனாரா என்று நாங்கள் கேட்கவில்லை. உம்மா வாசலில் சற்று நேரம் நின்றுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். நான் காரணம் கேட்டேன். "அந்த மனுசன்ட மூச்சு இங்கதான் நிக்குது மகன்" என்றார்.

அந்நாட்களில் அயலவரை வீட்டுக்குள் ஒளித்துக் காத்த முஸ்லிம்கள் இருந்தார்கள். அது உண்மை. காலியான இடங்களில் புதிய பலகை தொங்கவிட்டவர்களில் நம்மவரும் இருந்தார்கள். அதுவும் உண்மை. முன்னதைச் சொல்லும் நாம் பின்னதைச் சொல்வதில்லை.

அதற்குப் பின்னும் தெரு பலதைக் கண்டது. 1987 ஏப்ரல் 21இல் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1977இல் திறக்கப்பட்ட பொருளாதாரம் வெளிநாட்டுத் துணியை மலையாகக் குவித்தது. நாகரிகம் மெல்லக் காலி வீதிப் பக்கம் நகர்ந்தது. 2019இல் காலிமுகத்திடலில் பெரும் கடைத்தொகுதி ஒன்று திறந்தது. இப்போது வத்தளையிலேயே நீர்கொழும்பு வீதி நெடுகக் குளிரூட்டிய துணிக்கடைகள். என் பிள்ளைகளுக்குப் பேரம் பேசத் தெரியாது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின், முஸ்லிம் கடைகளைப் புறக்கணியுங்கள் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. அந்த மே மாதம் நோன்பு காலம். நான் பிரதான வீதிக்குப் போனேன். பெருநாள் நெருங்கியும் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பல வருடமாக வந்த வாடிக்கையாளர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு நடந்து போவதாகச் சொன்னார். "நாங்க என்ன செஞ்சோம் காக்கா?" என்று கேட்டார். ஐயாவும் இதையே கேட்டிருப்பார். அவர் கேட்டபோது பதில் சொல்ல யார் இருந்தார்கள்?

1626இல் துரத்தப்பட்டவர்களும், 1832இல் உள்ளே வந்தவர்களும், 1915இல் எரிக்கப்பட்டவர்களும் நாம்தான். இந்த வரலாற்றைப் பெருமையோடு எழுதும் உரிமை நமக்குண்டு. அதே ஏட்டில் 1983இன் பக்கத்தையும் நமது கையாலேயே எழுதும் கடமையும் நமக்குண்டு. ஐயாவின் கடை இருந்த இடத்தில் இப்போது மூன்றாவது கைமாற்றம் நடந்திருக்கிறது. கைத்தொலைபேசி உறைகள் விற்கிறார்கள். அவர் இருந்தாரா, எங்கு போனார் என்று அந்தத் தெருவில் விசாரிக்க இப்போது எனக்கு ஒருவரும் இல்லை. அன்று விசாரித்திருக்கலாம். அப்போது கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள்.