இரண்டு டம்ளர் மிச்சம் வைத்த கதை



இரண்டு மாதத்துக்கு முன் எனக்குக் கொலோனோஸ்கோபி. குடிக்கச் சொன்ன கரைசலில் கடைசி இரண்டு டம்ளரை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டேன். "குடல் சுத்தமாகலை சார், திரும்ப வரணும்" என்றார் டாக்டர். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவர்களை நான் பார்த்த பார்வையை அன்று நான் வாங்கினேன். சும்மா இருப்பேனா? அந்தக் கரைசலின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் வயிற்றைக் கிழிக்காமல் இந்தக் குழாய் வழியாகவே பாலிப்பை அகற்றத் தொடங்கினார்கள். குடலைச் சுத்தம் செய்யும் முறை மட்டும் பழையதாகவே இருந்தது. நாள்கணக்கில் நீராகாரம், விளக்கெண்ணெய், எனிமா. பிறகு மூக்கில் குழாய் விட்டு லிட்டர் லிட்டராக உப்புநீர். அதில் ஒரு பங்கு உடம்பில் ஏறிவிடும். இதயம் பலவீனமானவர்கள் பாடு திண்டாட்டம்.

அடுத்து வந்தது மானிடால். இனிப்பாக இருக்கும், கொஞ்சம் குடித்தால் போதும். ஆனால் குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து ஹைட்ரஜனை உண்டாக்கின. மின்சாரத்தால் பாலிப்பைச் சுடும்போது குடலுக்குள்ளேயே வெடித்து ஒருவர் இறந்ததை 1979-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். ஆய்வகத்தில் ஹைட்ரஜன் 'டப்' என்று வெடித்தது நினைவிருக்கிறதா?

1980-இல் அமெரிக்காவின் ஃபோர்ட்ரான் குழு விடை கண்டது. பாலிஎத்திலீன் கிளைக்காலைக் குடல் உறிஞ்சாது. குளோரைடு உப்பின் பெரும்பகுதிக்குப் பதில் சல்பேட் சேர்த்ததால் சோடியமும் அதிகம் உள்ளே ஏறாது. போன தண்ணீர் போனபடியே வெளியே வரும். ஆனால் அளவு 4 லிட்டர், சுவையோ சொல்லவே வேண்டாம்! அதற்கு 'மெல்லப் போ' என்று ஒலிக்கும் ஆங்கிலப் பெயர் வைத்தவர் குசும்புக்காரர்தான்.

அளவுக்குப் பயந்தவர்கள் சோடியம் பாஸ்பேட்டுக்குப் போனார்கள். சிறு புட்டிகள், சீக்கிரம் முடிந்துவிடும். சிலருக்குச் சிறுநீரகமே கெட்டது. 2008-இல் அமெரிக்க அரசு கடும் எச்சரிக்கை விட்டது. என்னைக் கேட்டால், பெரிய சொம்பே மேல். இப்போது 2 லிட்டர் கரைசல்களும் வந்துவிட்டன. முந்தின இரவு பாதி, காலையில் பாதி என்று பிரித்துக் குடித்தால் குடல் இன்னும் நன்றாகச் சுத்தமாகிறது.

இரண்டாம் முறை என் மனைவி பக்கத்தில் நின்று டம்ளரை எண்ணினாள். ஒரு சொட்டு விடவில்லை. குடலின் வலப்பக்கத்தில் ஒரு பாலிப் இருந்தது, அகற்றிவிட்டார்கள். விட்டிருந்தால் சில வருடங்களில் புற்றாக மாறக்கூடிய வகையாம். முதல் தடவை அந்த இடம் கழிவால் மூடிக் கிடந்தது என்றார் டாக்டர்.