நகரா விசை

குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்ஃபர்ட் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு விதத் தமிழ் ஓடுகிறது. பெரியவர்கள் தமிழெழுத்தில் கேட்கிறார்கள். பிள்ளைகள் அதே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பதில் அனுப்புகிறார்கள். பேச்சு ஒன்றுதான், விரல்கள் பழகிய தடம் வேறு. தமிழ் எழுத்துக்கு அப்படியொரு தடத்தை வகுத்துத் தந்தவரும் புலம்பெயர்ந்த ஒருவரே. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, இளம் வயதில் மலாயாவுக்குக் கப்பலேறிய இரா. முத்தையா அவர். தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று நூல்களில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர் செய்த வேலை என்ன என்பதைச் சொல்வோர் குறைவு.

சிங்கப்பூரில் ஐல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்னும் ஆங்கிலேய வணிக நிறுவனத்தில் அவருக்கு எழுத்தர் உத்தியோகம். அந்தக் காலத்து அலுவலகங்களில் ஆங்கிலக் கடிதம் பொறியில் பிறந்தது. தமிழ்க் கடிதம் கையால் எழுதப்பட்டது. அதை மாற்ற முனைந்தவருக்கு முதலில் குறுக்கே நின்றது ஒரு கணக்கு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. தட்டச்சுப்பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். மேல்விசையையும் சேர்த்தால் ஏறத்தாழ 90 குறிகளுக்குத்தான் இடம். எழுத்துகளை உடைத்தாக வேண்டும். எங்கே உடைப்பது, எதை முழுதாக விடுவது என்பதே கேள்வி.

ஆகார, எகர, ஏகார வரிசைகள் எளிதில் பிரியும். காலும் கொம்பும் தனியே நிற்பவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விசை போதும். சிக்கல் புள்ளியிலும் இகர, ஈகாரக் குறிகளிலும் இருந்தது. அவை எழுத்தின் மேலேயே ஏறி உட்காருகின்றன. தட்டச்சுப்பொறியிலோ ஒரு விசையை அழுத்தியதும் தாளைச் சுமக்கும் வண்டி ஓர் எழுத்தளவு நகர்ந்துவிடும். பிறகு முந்தைய எழுத்தின் தலையில் புள்ளி வைக்க வழியில்லை.

இதற்கு விடையானது நகரா விசை. அதை அழுத்தினால் குறி தாளில் பதியும்; வண்டியை விடுவிக்கும் பற்கள் மட்டும் அசையாது. அடுத்து மெய்யை அழுத்தினால் அதே இடத்தில் எழுத்து வந்து பொருந்தும். பிரெஞ்சு மொழியின் உச்சிக்குறிகளுக்காக ஐரோப்பியப் பொறிகளில் ஏற்கெனவே இருந்த உத்திதான் இது. தமிழுக்கு வந்தபோது அதற்கு ஒரு விலை இருந்தது. கையெழுத்தில் க எழுதிய பின் புள்ளி வைக்கிறோம்; பொறியிலோ புள்ளிதான் முதலில். தட்டச்சு கற்ற ஒவ்வொருவரும் தமிழைத் தலைகீழாக எழுதப் பழகினார்கள். ஒரு மாதப் பயிற்சிக்குப் பின் அது தலைகீழ் என்பதே அவர்களுக்கு மறந்துபோனது.

அந்தப் பொறியை ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமன் தொழிற்சாலை செய்து கொடுத்தது. எரிகா, ஐடியல் என்ற பெயர்களில் புகழ்பெற்ற பொறிகளைச் செய்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்தவர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தபடி சிந்தித்ததை, தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாத கொல்லர்கள் எஃகில் வெட்டினார்கள்.

இன்று இந்த வேலையை மூன்று துறைகளாகப் பிரித்துப் படிப்பிக்கிறார்கள். நெம்புகோலும் பற்களும் இயந்திரப் பொறியியல். எந்த எழுத்து எந்த விரலுக்கு என்பது ஊடாட்ட வடிவமைப்பு. லண்டனில் பிறந்த பில் மோக்ரிட்ஜும் பில் வெர்ப்ளாங்கும் 1980களின் நடுவில் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கைக்கும் கணினிக்கும் இடையே விசை, உணரி, விளக்கு என்று பொருள்களைக் கோப்பது மூன்றாவது துறை. முத்தையாவின் மேசையில் இவை பிரிந்திருக்கவில்லை. பற்களின் அமைப்பு மாறினால் விரலின் வரிசையும் மாறும் என்பதால், பிரித்து யோசிக்கவும் முடியாது.

இவற்றில் எது நீண்டகாலம் வாழ்கிறது? குட்மேய்ஸிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, இல்ஃபர்ட்டில் இருந்த பிளெஸ்ஸி நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் ஜான் லோகி பெயர்டின் டெலிவைசரைச் செய்தது. துளையிட்ட தட்டு ஒன்று சுழன்று 30 கோடுகளில் படம் காட்டிய இயந்திரத் தொலைக்காட்சி அது. 1935 செப்டம்பரில் அந்த ஒளிபரப்பு நின்றது; பொறி அருங்காட்சியகத்துக்குப் போனது. தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கும் பின்னாளில் அதே கதிதான். ஆனால் விரலின் வரிசை தப்பிப் பிழைத்தது.

பல திருத்தங்களுடன் அந்த மரபில் வந்ததே ஈழத்தவரிடையே பரவிய பாமினி. யளனகப என்று இடக்கைக்கும், காலில் தொடங்கி தமட என்று வலக்கைக்கும் அமைந்த நடுவரிசையை இந்த வட்டாரத்தின் பல பெற்றோருடைய விரல்கள் இன்னும் மறக்கவில்லை. மேல்விசையோடு கவை அழுத்தினால் கு, மவை அழுத்தினால் மு. டி, டீ இரண்டுக்கும் தனி விசைகள். ட எழுத்தின் வலப்பக்கத்தில் குறியைத் தாங்கத் தண்டு இல்லை. உலோகத்தின் நெருக்கடியில் எடுத்த முடிவுகள், உலோகமே இல்லாத கணினியிலும் தொடர்ந்தன.

1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 பலகை அந்த நெருக்கடியை விட்டு வெளியே வந்தது. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்கிறது. நகரா விசை செய்த வேலையை இப்போது நிரல் செய்கிறது.

2016இல் பிபிசி மைக்ரோபிட் என்ற உள்ளங்கையளவுக் கணினி, பிரித்தானியப் பாடசாலைகளில் ஏழாம் ஆண்டு மாணவருக்கு இலவசமாகக் கிடைத்தது. ஏறத்தாழ பத்து லட்சம் கருவிகள். ஒரு விசையை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று தாமே தீர்மானிக்கப் பழகிய பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். விசைப்பலகை வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பது அவர்களுக்குப் புரியும். அதன் தமிழ்க் கதையைத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சிறு கணக்கோடு தொடங்கலாம். அம்மா என்று அடிக்கப் பழைய தட்டச்சில் ஐந்து தட்டுகள்: அ, புள்ளி, ம, ம, கால். தமிழ்99இல் நான்கு: அ, ம, ம, ஆ. ஆங்கில எழுத்தில் எழுதினாலும் நான்குதான். தமிழெழுத்து கைப்பேசியில் சிரமம் என்று பிள்ளைகளும் பெற்றோரும் சொல்லிவரும் காரணம் இந்தச் சொல்லுக்காவது பொருந்தவில்லை.