தாமரை இலைத் தண்ணீர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு இருப்புப்பாதை வழியே செல்வோர் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வர். மழைக்காலம் வந்துவிட்டால் அவ்வழி நெடுகிலும் ஏரி நீரும் நெல்வயலும் மாறி மாறிக் கண்ணுக்குத் தோன்றும். ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பல்லாண்டுகள் அவ்வழியே சென்று வந்தவன் நான். அந்த நீர்நிலைகளில் வளரும் தாமரையின் இலையைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச எண்ணுகிறேன்.

பட்டும் படாமலும் வாழ்வோரைத் ‘தாமரை இலைத் தண்ணீர்’ என்று கூறுவது நம் வழக்கு. உவமை மிகப் பழையது. அதன் காரணத்தை உலகம் தெளிவாக அறிந்ததோ அண்மைக் காலத்தில்தான். அவ்வரலாற்றைக் கூறுமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

1991ஆம் ஆண்டில் திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பிற்கு அறிவியல் கற்பித்து வந்தேன். “தாமரை இலைமேல் மெழுகு படிந்திருக்கிறது, ஆதலால் நீர் ஒட்டுவதில்லை” என்று கூறிப் பாடத்தை முடித்தேன். உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் எழுந்தான். “ஐயா, மெழுகுவத்தியின்மேல் நீர் தெளித்தால் சொட்டு அங்கேயே தங்கிவிடுகிறது. இலைமேல் விட்டால் நில்லாமல் உருண்டு ஓடுகிறதே! இரண்டும் மெழுகுதானே?” என்று வினவினான். எனக்கு விடை தெரியவில்லை. “புத்தகத்தில் உள்ளதைப் படி” என்று அமர்த்திவிட்டேன். அவன் அமர்ந்தான். அந்த ஆண்டு முழுவதும் அவன் வேறொரு வினாவும் கேட்கவில்லை.

அச்சிறுவன் கேட்டது மிகப் பெரிய கேள்வி என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். ஒரு பொருளின்மேல் நீர்ச்சொட்டு எவ்வளவு படர்கிறது என்பதை, அது அப்பொருளைத் தொடும் விளிம்பில் உண்டாகும் கோணத்தைக் கொண்டு அளக்கலாம் என்று 1805இல் தாமஸ் யங் என்னும் ஆங்கிலேய அறிஞர் காட்டினார். கோணம் சிறிதாயின் நீர் படரும், பெரிதாயின் திரளும். வழவழப்பான மெழுகின்மேல் அக்கோணம் 110 பாகையை ஒட்டியே நிற்கும். தாமரை இலைமேலோ அது 150 பாகையையும் கடந்துவிடுகிறது. சொட்டு முத்துப்போல் உருண்டு விடுகிறது. மெழுகு ஒன்றினால் மட்டும் இது கூடுவதன்று.

1944இல் கேசி, பாக்ஸ்டர் என்னும் இருவர் விடையின் பெரும்பகுதியைக் கண்டனர். இங்கிலாந்தில் கம்பளித் தொழிலுக்கான ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர்கள் துணியின் இழைகளையும் வாத்தின் இறகையும் ஆராய்ந்தனர். இழைகளின் இடையே காற்று தங்கிவிடுகிறது. நீர் ஒரு பகுதி இழையின்மேலும் மற்றொரு பகுதி காற்றின்மேலுமாக நிற்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினர்.

அதன்பின், 1970களில் ஜெர்மானியத் தாவர நூலறிஞர் வில்ஹெல்ம் பார்த்லாட் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் இலைகளை ஆராய்ந்து வந்தார். பல இலைகளைத் துடைத்த பின்னரே நோக்க முடிந்தது. சில இலைகளில் மட்டும் துடைப்பதற்குத் தூசியே இல்லை. அத்தகைய இலைகள் வழவழப்பாக இருத்தல் வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது. தாமரை இலை முழுவதும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள சிறு மேடுகள். அம்மேடுகளின்மேல் அவற்றினும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்ச்சொட்டு ஆணிப்பலகைமேல் வைத்த பந்துபோல் மேட்டு நுனிகளில் மட்டுமே அமர்கிறது. கீழே இருப்பது காற்று. தூசியும் நுனியிலேயே நிற்பதால், உருளும் சொட்டு அதனை வாரிக்கொண்டு செல்கிறது. பார்த்லாட்டும் நைன்ஹூயிஸும் 1997இல் இதனை விரிவாக வெளியிட்டனர். 1999இல் மழையிலேயே கழுவப்படும் சுவர்ச் சாயம் ஒன்று இக்கருத்தைக் கொண்டு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் ஒரு குறை உண்டு. இலை தன் மெழுகு தேய்ந்தால் மீண்டும் சுரந்துகொள்ளும். சாயத்திற்கு அந்த உயிராற்றல் இல்லை.

சுவரோடு இச்செய்தி முடிந்துவிடவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வயல்கள் வெள்ளக்காடாயின. நீர் சற்று வடிந்தபின் ஒரு நெல் இலையைக் கிள்ளித் தெளிந்த நீர் நிறைந்த செம்பில் அமிழ்த்திப் பார்த்தேன். இலை வெள்ளித் தகடுபோல் மின்னிற்று. வெளியே எடுத்தேன், அதில் ஈரமே இல்லை! நெல் இலையிலும் நுண்ணிய மேடுகளும் மெழுகும் உண்டு. மின்னியது அவற்றிடையே சிறைப்பட்ட காற்று. முழுகிய பயிர் அந்தக் காற்றுப் படலத்தின் வாயிலாகவே நீரிலிருந்து பகலில் கரியமில வாயுவையும் இரவில் பிராணவாயுவையும் பெற்று உயிர் தாங்குகிறது என்று 2009இல் ஆராய்ச்சியாளர் நிறுவினர். அப்படலம் சில நாட்களே நிலைக்கும். அதற்குள் வெள்ளம் வடிந்தால் பயிருக்குப் பிழைக்க வழியுண்டு, வடியாவிட்டால் அழுகிப்போகும். எனவே வடிகாலைத் தூர்வாரி வைத்தல், அந்த இலைக்கு நாம் செய்யத்தக்க உதவியாகும்.

செம்பைக் கையில் ஏந்தி நின்றபோது அந்தச் சிறுவனின் முகம் என் நினைவில் எழுந்தது. அவன் கேட்ட வினா உழவனின் வாழ்வைத் தொடும் வினா. உவமையைப் போற்றிய நாம், அதற்குள் இருந்த வினாவைப் போற்றத் தவறினோம். நான் அதனை ஒரு சொல்லால் அடக்கியும் விட்டேன். ஆசிரிய நண்பர்களே, விடை தெரியாதபோது “நாளை இருவரும் சேர்ந்து பார்ப்போம்” என்று கூறுவது நமக்கு இழுக்கன்று. அதற்கு வேண்டிய கருவியெல்லாம் ஒரு செம்பு நீரும் ஓர் இலையுமே.