கடல் கடந்தோரின் முதுமைப் பங்கு: ஒரு வரலாற்றுப் பார்வை



கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். பார்வை இழந்த முதியவர் ஒருவர் வாசலில் நின்று யாசித்துக்கொண்டிருந்தார். அவர் யூதர். இந்நிலைக்குக் காரணம் என்னவென்று கலீஃபா வினவியபோது ஜிஸ்யா வரியும், தேவையும், முதுமையும் என்று அவர் விடை பகர்ந்தார். உமர் (ரலி) அவர்கள் அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவினார்கள். பின்னர் அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து வழங்குமாறும், வரியை நீக்குமாறும் ஆணையிட்டார்கள். இளமையில் ஒருவரிடம் பெற்றுக்கொண்டு முதுமையில் அவரைக் கைவிடுவது நீதியன்று என்பதே அவர்கள் கூறிய காரணம். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) இந்நிகழ்ச்சியைத் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார்கள்.

இந்த நீதியை அளவுகோலாகக் கொண்டு நம் முன்னோரின் வரலாற்றைப் பார்ப்போம். அயல் மண்ணுக்கு இளமையைக் கொடுத்த நம்மவரின் முதுமைக்கு யார், என்ன எடுத்து வைத்தார்கள்?

போடிநாயக்கனூருக்கும் பொட்டிபுரத்திற்கும் மேற்கே எழுந்து நிற்கும் மலைத்தொடரே நம் பகுதியினரின் முதல் 'அயல்நாடு'. ஏலத்தோட்டங்கள் நிறைந்த அம்மலைகள் அன்று திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்தோடு நின்றன. இன்றும் விடியலில் ஜீப்களில் போடிமெட்டு ஏறி, களையெடுத்தும் காய் பறித்தும் மாலையில் திரும்புவோர் பலர். 1952ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1957இல் தோட்டத் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆயினும் இருபது பேருக்குக் குறையாத தொழிலாளர் உள்ள இடங்களையே அச்சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சிறு தோட்டங்களில் நாட்கூலிக்குச் செல்வோர் அதற்கு வெளியே நிற்கின்றனர். சட்டம் எட்டிய தொழிலாளிக்குச் சேமிப்பு உண்டு. எட்டாதவருக்கு அன்றைய கூலி மட்டுமே உண்டு.

கடல் கடந்து சென்றோரின் கதையும் இதுவே. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில்வேயிலும் தமிழர் உழைத்த காலத்தில், 1951ஆம் ஆண்டு அங்கே ஊழியர் சேமநிதி தொடங்கப்பட்டது. தொழிலாளி நூற்றுக்கு 5, முதலாளி நூற்றுக்கு 5 எனச் செலுத்துவது தொடக்க விதி. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 ஜூலையில் அதே விகிதத்தில் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் ஊதியம் கைக்கு வருமுன்னரே ஒரு பங்கு தனியே சென்றது. அவர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. மனத்தை அடக்க வேண்டியதுமில்லை.

இலங்கையில் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி வந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியதாயிற்று. பரம்பரையாகத் தேயிலை பறித்தவர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பியபோது அவர்களின் வாழ்நாள் சேமிப்பாக இருந்தவற்றுள் முதன்மையானது அந்தச் சேமலாப நிதியே. நாடு மாறியது, வீடு போயிற்று. கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட அந்தப் பங்கு மட்டும் உடைமையாக நின்றது.

1970களில் எண்ணெய் வளத்தால் வளைகுடா வாசல் திறந்தது. நம் சமுதாயத்து இளைஞர் அரபு நாடுகளுக்குப் புறப்பட்டனர். அந்நாடுகளின் அரசு ஓய்வூதியம் பெரிதும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. அயலாருக்குக் கிடைப்பது பணி நிறைவுத் தொகை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியமும், அதன்பின் 30 நாள் ஊதியமுமாகக் கணக்கிடப்படுகிறது. அது ஒரே முறை கையில் வரும் தொகை. மகளின் திருமணத்திலோ, வீட்டின் மேல்தளத்திலோ அது கரைந்துவிடின் மாதந்தோறும் வருவதற்கு வேறொன்றுமில்லை.

இக்குறையை நீக்க விருப்பத்தின் பேரில் செலுத்தும் திட்டங்கள் வந்தன. இந்திய அரசு 2012இல் 'மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. குடியேற்றச் சோதனை தேவைப்படும் கடவுச்சீட்டுடன் பணிக்குச் சென்ற தொழிலாளர் ஆண்டுக்கு 1,000 முதல் 12,000 ரூபாய் வரை ஓய்வூதியத்திற்குச் சேமித்தால், அரசு தன் பங்காக 1,000 ரூபாய் சேர்க்கும். பெண்களுக்கு 2,000 ரூபாய். ஆனால் போதிய அளவில் எவரும் சேராததால் 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது.

மலைக்கு அப்பால் கேரளம் 2008இல் வெளிநாடுவாழ் கேரளீயர் நலச் சட்டம் இயற்றி வாரியம் அமைத்தது. வெளிநாட்டிலிருந்தே மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, ஐந்தாண்டுகளேனும் தொடர்ந்தவர் 60 வயதில் ஓய்வூதியம் பெறுகிறார். தமிழ்நாட்டில் 2011இலேயே சட்டம் இயற்றப்பட்டும் வாரியம் அமைய 2022 ஆயிற்று.

மலேசியாவிலோ அயல்நாட்டுத் தொழிலாளர் சேமநிதியில் சேர்வது நெடுங்காலம் அவரவர் விருப்பமாகவே இருந்தது. சேர்ந்தாலும் முதலாளி தர வேண்டியது மாதம் 5 ரிங்கிட் மட்டுமே. 2025 அக்டோபர் முதல் வீட்டுப் பணியாளர் நீங்கலாக மற்றவர்க்கு அது கட்டாயமாயிற்று. இரு தரப்பும் நூற்றுக்கு 2 செலுத்த வேண்டும்.

இவற்றிலிருந்து பெறும் படிப்பினை ஒன்றே. கட்டாயப்படுத்தியபோது ஏழைக்கும் சேமிப்பு நின்றது. விருப்பத்திற்கு விட்டபோது பெரும்பாலோர் விட்டுவிட்டனர். இதற்குச் சோம்பலை மட்டும் காரணமாகக் கூறுவது நியாயமன்று. விசாவுக்கு வாங்கிய கடன் முதலில் நிற்கும். பெற்றோரின் மருந்து, தங்கையின் திருமணம், பிள்ளையின் கல்விக் கட்டணம் என வரிசை நீளும். அனுப்பியது போக மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று எண்ணுகிறார். மிஞ்சுவதில்லை.

'அல்லாஹ்வின்மீது தவக்குல் வைத்தவன் முதுமைக்குச் சேர்த்து வைக்கலாமா?' என்று கேட்போர் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வளமான ஏழாண்டு விளைச்சலைப் பஞ்சமான ஏழாண்டுக்கு எடுத்து வைத்த யூஸுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைக் குர்ஆன் நமக்கு ஓதிக் காட்டுகிறது. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வத்தைத் தர்மம் செய்ய விரும்பியபோது, வாரிசுகள் பிறரிடம் கையேந்தும் நிலைக்கு ஆளாகாதிருக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். திட்டமிடல் ஈமானுக்கு முரணன்று.

எனினும் மார்க்கம் கவனிக்கச் சொல்லும் ஓர் எல்லை உண்டு. ஹனஃபி அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ (ரஹ்) வைப்புநிதியைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார்கள். ஊதியத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கப்படும் நிதியில் மேலதிகமாகக் கிடைப்பது வட்டியாகாது. விரும்பிச் செலுத்துவதிலோ வட்டியின் சாயல் உண்டு, எனவே பேணுதல் வேண்டும் என்பது அவர்களின் கருத்து. நாம் பேசுவது விரும்பிச் செலுத்தும் திட்டம் என்பதால் இக்கருத்து நமக்கு நேரடியாகப் பொருந்தும். மலேசியச் சேமநிதி 2017 முதல் ஷரீஅத் முறைச் சேமிப்புக்குத் தனி வழி வைத்துள்ளது. வெளிநாடுவாழ் இந்தியர் சேரத்தக்க நம் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் கடன் பத்திர முதலீடும் உண்டு. ஆகவே, எதில் சேருமுன்னும் பணம் எங்கே முதலீடாகிறது என்று கேட்டறிந்து, நம்பகமான ஆலிமிடம் காட்டித் தெளிவு பெறுக. ஸகாத்தின் சட்டத்தையும் அப்போதே கேட்டுக்கொள்க.

பயணம் புறப்படும் மகனிடம் தாய் தந்தையர் ஒன்று சொல்லட்டும்: "முதல் மாதச் சம்பளத்திலேயே உன் முதுமைக்கு ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை எங்களுக்கு அனுப்பு." அப்படிச் சொல்ல வீட்டார்க்கும் மனம் வேண்டும். மகனின் இளமையை உண்பவர்கள் அரசும் முதலாளியும் மட்டுமல்லர். சில வேளை நாமும்தான்.

வல்ல ரஹ்மான் நம் பயணிகள் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கையும், எவரிடமும் கையேந்தாத முதுமையையும் வழங்கியருள்வானாக. ஆமீன்.