கீழாநெல்லியும் ஹெப்படைட்டிஸ்-பி புரதமும்: ஒரு காப்புரிமை வரலாறு

கீழாநெல்லி, மஞ்சள் காமாலைக்குத் தமிழ் மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் சிறு செடியாகும். மழைக்குப் பின் வயல் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் தானே முளைக்கும். மூலிகைக்குப் பெயர்பெற்ற கொல்லிமலையின் அடிவாரத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் உள்ள புளியஞ்சோலையிலும் இதைக் காணலாம். இதைப் பறிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஆயினும், இச்செடியின் சாற்றைக் கல்லீரல் அழற்சிக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1987 ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அதைப் பெற்றது பிலடெல்பியா நகரில் உள்ள பாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம்.

இதே மையத்துக்கு ஒரு மனித நோயின் புரதத்தைக் கொண்டு தடுப்பூசி செய்யும் முறைக்கும் முன்னரே காப்புரிமை கிடைத்திருந்தது. அந்த நோய் ஹெப்படைட்டிஸ்-பி. புரதம், மரபணு, மூலிகை ஆகிய மூன்றின் மீதும் உரிமை கோரப்பட்ட நோய் இது. இயற்கையில் உள்ள ஒன்றை ஒருவர் சொந்தமாக்கிக் கொள்ள முடியுமா என்ற கேள்விக்கு உலகச் சட்டங்கள் எப்படி விடை தேடின என்பதை இந்த ஒரு நோயின் வரலாற்றைக் கொண்டே அறியலாம்.

காப்புரிமை என்றால் என்ன?

புதிதாக ஒன்றைச் செய்தவருக்கு, அதைக் குறிப்பிட்ட காலம் வரை பிறர் செய்யாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு அளிக்கிறது. இதுவே பேட்டன்ட் எனப்படும் காப்புரிமை. இன்று பெரும்பாலான நாடுகளில் இதன் காலம் 20 ஆண்டுகள். இதற்கு ஈடாக, அவர் தம் செய்முறையை ஒளிக்காமல் எழுதி வெளியிட வேண்டும். காலம் முடிந்ததும் அது அனைவருக்கும் பொதுவாகிவிடும்.

தமிழில் "கண்டுபிடிப்பு" என்னும் சொல்லை இரு பொருளில் வழங்குகிறோம். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தார் என்கிறோம். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்கிறோம். முதலாவது ஏற்கெனவே இருந்ததைக் கண்டறிதல். இரண்டாவது இல்லாததைப் புதிதாக ஆக்குதல். காப்புரிமைச் சட்டம் இரண்டாவதற்கே உரிமை அளிக்கும். புரதமும் மரபணுவும் உயிருக்குள் ஏற்கெனவே இருப்பவை. அவற்றைப் பிரித்தெடுப்பது கண்டறிதலா, ஆக்குதலா என்பதில்தான் சிக்கல் தொடங்கியது.

இரத்தத்தில் கிடைத்த புரதம்

1960களில் அமெரிக்க மருத்துவ அறிவியலாளர் பாரூக் பிளம்பெர்க், உலகின் பல இன மக்களின் இரத்தத்தை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்தார். பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் இருந்த ஒரு புரதத்தோடு வினைபுரிவதை அவர் குழு கண்டது. இதற்கு "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" எனப் பெயரிட்டு 1965 இல் வெளியிட்டனர். அது ஒரு நோயோடு தொடர்புடையது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சில ஆண்டுகளில்தான் அது ஹெப்படைட்டிஸ்-பி வைரஸின் மேலுறைப் புரதம் என்பது தெளிவாயிற்று.

முதலில் கிடைத்த பயன் இரத்தப் பரிசோதனை. தானமாகப் பெறும் இரத்தத்தில் இப்புரதம் உள்ளதா எனப் பார்த்து, நோயுள்ள இரத்தத்தை ஒதுக்க முடிந்தது. அடுத்தது தடுப்பூசி. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் மட்டுமன்றி, மரபுப்பொருள் இல்லாத வெறும் மேலுறைத் துகள்களும் ஏராளமாக மிதக்கின்றன. இவை நோயைத் தருவதில்லை; ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும். இவற்றைப் பிரித்துத் தூய்மையாக்கித் தடுப்பூசியாக்கும் முறைக்குப் பிளம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969 இல் விண்ணப்பித்தனர். 1972 இல் காப்புரிமை கிடைத்தது. 1976 இல் பிளம்பெர்க் நோபல் பரிசைக் கார்ல்டன் கஜ்துசெக்குடன் பகிர்ந்துகொண்டார்.

இங்கு உரிமை கோரப்பட்டது புரதத்தைக் கண்டறிந்ததற்கு அன்று. அதைத் தடுப்பூசியாக மாற்றும் வழிக்கே என்பது கவனிக்கத்தக்கது. மெர்க் நிறுவனம் இவ்வழியை வளர்த்தெடுத்து, மனித இரத்தத்திலிருந்து செய்த தடுப்பூசிக்கு 1981 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் நோயாளிகளின் இரத்தமே மூலப்பொருள் என்பதால் விலை அதிகம், அளவும் குறைவு. எய்ட்ஸ் பரவிய காலத்தில் இரத்தத்திலிருந்து செய்த ஊசியைப் போட்டுக்கொள்ளப் பலர் அஞ்சினர்.

ஈஸ்டுக்குள் ஒரு மரபணு

இத்தட்டுப்பாட்டுக்கு மரபணுப் பொறியியல் விடை தந்தது. ஹெப்படைட்டிஸ்-பி வைரஸின் டி.என்.ஏ. மிகச் சிறியது, சுமார் 3200 எழுத்துகளே கொண்டது. அதிலிருந்து மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை மட்டும் வெட்டியெடுத்து, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் செலுத்தினால், ஈஸ்டே அப்புரதத்தைச் செய்துகொடுக்கும். இரத்தம் தேவையில்லை. இம்முறையில் உருவான தடுப்பூசிக்கு 1986 இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மரபணுப் பொறியியலால் மனிதருக்காகச் செய்யப்பட்ட முதல் தடுப்பூசி இதுவே.

இத்துறையில் முன்னோடிகளுள் ஒருவர் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் கென்னத் மரே. அவருடைய பணியின் அடிப்படையில் பயோஜென் நிறுவனம் 1978 இலேயே விண்ணப்பித்து, மிக விரிவான காப்புரிமையைப் பெற்றது. மரபணு மறுசேர்க்கையின் எந்த வழியில் இந்த வைரஸின் ஆன்டிஜெனைச் செய்தாலும் அது தன் உரிமைக்குள் அடங்கும் என்று பயோஜென் வாதிட்டது. விலங்குச் செல்களில் தடுப்பூசி செய்ய முனைந்த மெடேவா நிறுவனத்தோடு வழக்கு மூண்டது. 1996 இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை பயோஜெனின் காப்புரிமை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. ஒரு வழியைக் காட்டியவர், பிறர் பின்னால் காணக்கூடிய எல்லா வழிகளையும் அடைத்துவிட முடியாது என்பதே அதன் சாரம்.

இந்தியாவில் விலை குறைந்த கதை

இந்தியச் சட்டம் வேறு பாதையில் சென்றது. மெட்ராஸ் உயர்நீதிமன்றத்தில் பணியாற்றி, பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான என். ராஜகோபால அய்யங்கார் 1959 இல் காப்புரிமை பற்றிய அறிக்கை ஒன்றை அரசுக்கு அளித்தார். அதன் அடிப்படையில் அமைந்ததே 1970 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். இதன்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே, அதுவும் குறுகிய காலத்துக்கு உண்டு. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய எவருக்கும் தடையில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த ஹெப்படைட்டிஸ்-பி தடுப்பூசியின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. ஐதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், வேறு வகை ஈஸ்டைப் பயன்படுத்தித் தன் சொந்த முறையில் இப்புரதத்தைச் செய்தது. 1997 இல் "ஷான்வாக்-பி" விற்பனைக்கு வந்தது. வேறு இந்திய நிறுவனங்களும் போட்டியில் இறங்கவே விலை பெரிதும் சரிந்தது. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் இதைச் சேர்ப்பது இதனால் எளிதாயிற்று. 2007-08 இல் சேர்க்கப்பட்ட பத்து மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. 2011 டிசம்பரில் இத்தடுப்பூசியை உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் தொடங்கப்பட்டது. இன்று மலைக் கிராமத்துக் குழந்தைக்கும் இது இலவசமாகக் கிடைக்கிறது.

தரமணியும் கீழாநெல்லியும்

தடுப்பூசி, நோய் வராமல் தடுக்கும். ஏற்கெனவே வைரஸைச் சுமப்பவரைக் குணமாக்காது. அவர்களுக்கு மருந்து தேடியவர்களுள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன். நாட்டு மருத்துவர்கள் காமாலைக்குக் கொடுத்த மூலிகைகளைத் தரமணி வளாகத்தில் அவர் குழு ஆராய்ந்தது. கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் சோதனைக் குழாயில் வைரஸின் மேலுறைப் புரதத்தைச் செயலிழக்கச் செய்வதாக 1982 இல் வெளியிட்டது. இச்செய்தி பிளம்பெர்க் குழுவை ஈர்த்தது.

பிலடெல்பியாவில் வெங்கடேஸ்வரன், மில்மன், பிளம்பெர்க் ஆகியோர் கீழாநெல்லிச் சாற்றை ஆய்வகத்திலும், இதையொத்த வைரஸ் தாக்கிய வுட்சக் என்னும் அமெரிக்கக் கொறிவிலங்கிலும் சோதித்தனர். 1987 இல் கிடைத்த காப்புரிமையில் இம்மூவரும் புத்தாக்குநர்களாகக் குறிக்கப்பட்டனர். 1988 இல் சென்னை ஆய்வின் முடிவு "லான்செட்" இதழில் வந்தது. 30 நாள் கீழாநெல்லிப் பொடி உண்டவர்களில் 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸ் புரதம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆயிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. செடியின் அடையாளத்திலும் குழப்பம் இருந்தது. முதலில் பில்லாந்தஸ் நிரூரி என எழுதப்பட்டது உண்மையில் பில்லாந்தஸ் அமாரஸ் என்று பின்னர் திருத்தப்பட்டது.

இதிலிருந்து இரு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, காப்புரிமை ஒரு பொருள் புதியது என்று சொல்லுமே தவிர, அது நோயைத் தீர்க்கும் என்று உறுதி சொல்லாது. காமாலை பல காரணங்களால் வரும். சில வகை தானே தணியும். ஆகவே கண் மஞ்சளானால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே முறை. மற்றொன்று, இச்செடி காமாலைக்கு உதவும் என்ற முதல் அறிவு ஆய்வகத்தில் பிறந்ததன்று. அதைத் தலைமுறைகளாகக் காத்தவர்களுக்கு ஒரு பங்கு உண்டு என்று சொல்லும் சட்டம் 1987 இல் இந்தியாவில் இல்லை.

மாறிய சட்டங்கள்

1992 இல் உருவான உயிரியற் பன்முக உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளம் அந்நாட்டின் உரிமைக்கு உட்பட்டது என ஏற்றது. அகத்தியமலையின் காணி பழங்குடியினர் சொன்ன ஆரோக்கியப்பச்சை என்னும் செடியிலிருந்து "ஜீவனி" மருந்தைச் செய்த கேரளத் தாவரவியல் பூங்கா, 1995 இல் அதன் உரிமத்தொகையில் பாதியை அம்மக்களுக்கு அளிக்க முன்வந்தது. காயத்துக்கு மஞ்சள் இடும் முறைக்கு அமெரிக்கா வழங்கிய காப்புரிமையை இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி 1997 இல் நீக்கச் செய்தது.

2002 இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவதும் மரபறிவும் புத்தாக்கம் ஆகா என்று விதித்தது. 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தபோதும் இத்தடை நீடித்தது. 2013 ஆம் ஆண்டின் காப்புரிமை அலுவலக வழிகாட்டுதல், உயிரிலிருந்து நேரடியாகப் பிரித்த மரபணுவுக்கும் புரதத்துக்கும் உரிமை இல்லை என்றது. அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணுக்களுக்கு மிரியட் நிறுவனம் பெற்றிருந்த உரிமையில், இயற்கையான டி.என்.ஏ. தொடர்பான பகுதியை நீக்கியது. ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த நகலுக்கு மட்டும் உரிமையை ஏற்றது.

புளியஞ்சோலையில் ஒரு செடி

இன்று புளியஞ்சோலையில் ஒருவர் ஒரு மூலிகையைப் பறித்து, அதில் புதிய புரதம் ஒன்றைக் கண்டறிந்தால் என்ன ஆகும்? அந்தப் புரதம் அவருக்குச் சொந்தமாகாது. அதை மாற்றியமைத்து மருந்தாக்கினால், அந்த மருந்துக்கும் செய்முறைக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போதும் 2002 ஆம் ஆண்டின் உயிரியற் பன்முகச் சட்டப்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டும். பயனில் நியாயமான பங்கு அவ்வறிவைக் காத்த மக்களுக்குச் சேர வேண்டும். ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் ஊர்ச் செடிகளையும் அவற்றைப் பற்றிய அறிவையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதியாகும்.

2023 ஆம் ஆண்டின் திருத்தம் இதைச் சற்றுத் தளர்த்தியது. சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் நின்றது. நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்களிக்கும் கடமையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. கீழாநெல்லி சித்த மருத்துவ நூல்களில் உள்ள மூலிகை என்பதால் இந்த விலக்கு சிந்திக்கத்தக்கது. மாறாக, மலைவாழ் முதியவர் ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும் அறிவுக்குப் பங்கு உண்டு. ஆனால் அது எங்கும் பதியப்படாமல் போனால் அப்பங்கைக் கேட்கச் சான்று இராது.

தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் 2003 முதல் சென்னையில் உள்ளது. அது இயங்கும் இடமும் தரமணிதான். கீழாநெல்லியை ஆராய்ந்த பல்கலைக்கழக வளாகம் இருப்பதும் அதே பகுதியில்தான். ஒன்றிலிருந்து மற்றொன்று அதிகத் தொலைவில்லை. ஆனால் முதல் ஆய்வு வெளிவந்த பின், காவல் அலுவலகம் வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.